பதினான்காவது அட்டவணை

பகல் ஒன்று ஐம்பதுக்கு சரகோசாவிலிருந்து புறப்படுகிற ரயிலில் மனிதன் எத்தனை மணிக்குச் சாப்பிடுவான் என்று இலாரியோ கேட்டார்.

கேள்வி அமைதியாகத்தான் வந்தது. ஆனால் அவருடைய ஆள்காட்டி விரல், ரெமெதியோஸ் போட்டுக்கொண்டு வந்திருந்த அட்டவணையில் ஐந்தாம் நாளின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நாற்பது வருடம் மருந்துக் கடையில் சீட்டுப் படித்த விரல். தப்பு இருக்கிற இடத்தில் மட்டும்தான் நிற்கும்.

"ரயில்லயே சாப்பிடலாமே," என்றாள் ரெமெதியோஸ். "ரொட்டிக்குள்ள ஆம்லெட் வச்சு எடுத்துட்டுப் போனா..."

"முழங்கால் மேல பேப்பரை விரிச்சா?"

"ஒரு நாளைக்குத்தானே."

"எண்ணெய் பேன்ட்ல இறங்கும். அப்புறம் பில்பாவோ முழுக்க அந்தக் கறையோடதான் சுத்தணும்."

மேசையைச் சுற்றி இருந்த மற்ற மூவரும் ஆலிவ் கொட்டைகளைத் தட்டில் போட்டுவிட்டு, நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்கள். இரண்டேகாலுக்குத் துணி விரித்த மேசை, முதலில் சூப், பிறகு கறியோ மீனோ, கடைசியில் காபி. இது இல்லாத நாளை இலாரியோ நாளாகவே ஒப்புக்கொள்வதில்லை.

ரெமெதியோஸுக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருபத்தொன்பது வருடம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு டியூட்டி பட்டியல் போட்டவள் அவள். அறுபத்து நாலு பெண்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையை யாரும் அழாமல் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரே ஒரு மருந்துக் கடைக்காரரின் மதியச் சாப்பாடு அவளுக்கு எந்த மூலைக்கு?

அடுத்த வியாழக்கிழமை சரிசெய்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அட்டவணையைச் சுருட்டினாள்.

புத்தாண்டுக்கு முந்தின நாள்தான் அவள் ஓய்வு பெற்றிருந்தாள். ஊர் ஸ்பெயினில் அல்பசேத்தே. அறுபத்தைந்து வருடத்தில் அவள் போன அதிகபட்ச தூரம் மாத்ரித், அதுவும் கண் ஆபரேஷனுக்கு. நாட்டின் மற்ற நகரங்களெல்லாம் வானிலை அறிக்கை மூலமாக மட்டுமே அறிமுகம். பில்பாவோ என்றால் மழை, செவியா என்றால் வெயில், புர்கோஸ் என்றால் குளிர். கார் ஓட்டத் தெரியாது. ரயிலும் பஸ்ஸுமாக மூன்று வாரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை. தூரம், வயது, செலவு எதுவும் அதற்குத் தடையில்லை. தடையாக இருந்தது வேறொன்று. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

உணவகத்தில் ஒரு மேசையில் தனியாக உட்கார அவளால் முடியாது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர் நடுவிலிருக்கும் உணவகத்துக்குப் போனாள். பரிமாறுபவர் எத்தனை பேர் என்று கேட்டார். "இன்னும் வரல," என்று வாயில் வந்துவிட்டது. சொன்னதற்காக, வரப்போகாத அந்த ஆளுக்கு வாசலில் இருபது நிமிடம் காத்திருந்து, கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துச் சலித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து முட்டை பொரித்துச் சாப்பிட்டாள். வலென்சியாவில் இன்னும் மோசம். அங்கே சோறு குறைந்தது இரண்டு பேருக்குத்தான் சமைப்பார்கள். உணவுப் பட்டியலிலேயே அப்படி அச்சடித்திருக்கும். தனி ஆளுக்குச் சோறே கிடையாது என்று எழுதி வைத்திருக்கிற ஊருக்கு எப்படிப் போவது?

ஆகவே பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பகல் ஒரு மணிக்கு, கோஸ்மேயின் பாரில் நாலு பேர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு "இந்த மே மாசம் கண்டிப்பா கிளம்புறோம்" என்று பேசியது காதில் விழுந்ததும், அவள் தன்னுடைய வெர்முத் ஒயின் கிளாஸை எடுத்துக்கொண்டு நேரே அந்த மேசைக்குப் போய்விட்டாள். பட்டியல் போட ஆள் வேண்டுமா என்று கேட்டாள். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூல் கடை நடத்தி ஓய்ந்திருந்த எங்கார்னா காலாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு பொண்ணே," என்றாள். "உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

இப்படித்தான் ஆரம்பித்தது.

இலாரியோவின் சாப்பாட்டுக்காக சரகோசாவிலிருந்து காலை ரயில் பார்த்தாள். ஒன்பது இருபதுக்கு அருமையான ஒரு ரயில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் ஓடும் ரயில்.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்திருந்த பியெதாத், செவ்வாய்க்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். செவ்வாய்க்கிழமை அவள் எங்கேயும் கிளம்ப மாட்டாள். இது மூடநம்பிக்கை இல்லை, அனுபவம் என்றாள். செவ்வாய்க்கிழமை கிளம்பினால் ஆள் ஒரு பஸ்ஸிலும் பெட்டி வேறொரு பஸ்ஸிலும் போகும். அப்புறம் கசேரெஸ் பஸ் நிலையத்தில் இரண்டு நாள் அதே சட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாருக்கு அப்படி நடந்தது என்று ரெமெதியோஸ் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே சிவப்புப் பென்சிலால் செவ்வாய்க்கிழமைகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாயைத் தவிர்த்ததால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போனதில் வயாதோலித் போய்ச் சேரும் நாள், அந்த ஊரைக் காக்கும் புனிதரின் திருவிழாவாக அமைந்தது. ஒவ்வொரு ஊரும் வருடத்துக்கு இரண்டு நாள் தன் இஷ்டத்துக்கு விடுமுறை விட்டுக்கொள்ளும் நாடு இது. பியெதாத்துக்கு எல்லா ஊர்ப் புனிதர்களும் மனப்பாடம். அருங்காட்சியகம் மூடியிருக்கும், சந்தை மூடியிருக்கும், திறந்திருக்கிற ஒரே இடமான தேவாலயத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது என்றாள்.

சரி, வயாதோலித்தில் தங்க வேண்டாம், பஸ் மட்டும் மாறிக்கொள்ளலாம் என்றாள் ரெமெதியோஸ்.

எங்கார்னா சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"என் பெரியப்பா பொண்ணு, நாத்தின்னு பேரு, பஸ் நிலையத்துக்கு நேர் எதிர்ல, முதல் மாடி. பொழுதெல்லாம் ஜன்னல்லயே இருப்பா."

"ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துடலாமே."

"நாத்திக்கு வணக்கம் சொன்னா மூணு நாள் ஆகும். கொண்டைக்கடலைக் குழம்பு, அவ புருஷனோட கல்லறை, திரும்பக் கொண்டைக்கடலைக் குழம்பு. சொல்லாம போனா செத்தாலும் என் சாவுக்கு வர மாட்டா. ரெண்டுல எதுவும் எனக்கு வேண்டாம்."

ஆகவே வயாதோலித்தைச் சுற்றிக்கொண்டு லெயோன் வழியாகப் போனார்கள். காகிதத்தில்தான். அதில் இரண்டு நாள் கூடிற்று. கூடிய இரண்டு நாள், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டது.

"அன்னைக்கு மேட்ச்," என்றார் காஸ்தோ. நகரப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். பேச்சும் திருகாணி மாதிரி சின்னதாகத்தான் இருக்கும். ஒன்றுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் அணி சொந்த மைதானத்தில் ஆடும். அவர் அங்கே இருந்தாக வேண்டும்.

"ஒரே ஒரு மேட்ச்தானே காஸ்தோ," என்றாள் ரெமெதியோஸ்.

"ஒரு தடவை விட்டேன். அன்னைக்கு நாலு கோல் போட்டாங்க."

"யாரு?"

"நம்ம ஆளுங்க," என்றார் காஸ்தோ. அவர் குரல் உடைந்திருந்தது.

அதனால் ஏழாவது அட்டவணையில் பயணம் ஒன்றுவிட்ட சனிக்கிழமை அல்பசேத்தேவுக்கே திரும்பி வந்தது. வலென்சியா, சரகோசா, பிறகு வீடு, மேட்ச், பிறகு பில்பாவோ. இலாரியோவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். அப்படியானால் தன் சலவையையும் அந்த நாட்களில் முடித்துக்கொள்ளலாம் என்றாள் பியெதாத். ஒன்பதாவது அட்டவணையைக் கூட்டிப் பார்த்தபோது, ஸ்பெயினைச் சுற்றும் இருபத்தொரு நாளில் பதினோரு நாள் அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

இந்த இடத்தில் வேறு யாராவது பென்சிலைத் தூக்கி எறிந்திருப்பார்கள். ரெமெதியோஸுக்கோ காய்ச்சல் கண்டதுபோல ஓர் உற்சாகம் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த படங்களைக் கழற்றிவிட்டு அட்டவணையை ஒட்டினாள். ரயிலுக்கு நீலம், பஸ்ஸுக்குப் பச்சை, திருவிழாக்களுக்கு ஊதா. பாத்திரம் தேய்க்கும்போது ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொன்னாள். ஒன்று விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி, வீட்டு நடையில் இழுத்துப் பழகினாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஸ்ட்ரெச்சர் போகிற சத்தம் கேட்கிறதே என்று கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து விசாரித்தாள். பஸ் நிலையங்களுக்கு அவள் போட்ட போன் கொஞ்சநஞ்சமில்லை. கசேரெஸ் பஸ் நிலையத்தில் போன் எடுக்கிறவர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ரெமெதியோஸ், அந்தப் பன்னிரண்டு பத்து வண்டியை எடுத்துட்டாங்கம்மா, எனக்கே வருத்தமா இருக்கு," என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வியாழக்கிழமை வருவது மெதுவாக இருப்பதாகத் தோன்றியது.

பதினான்காவது அட்டவணையைப் போட்டு முடித்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

எல்லாமே பொருந்தியிருந்தது. லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு வரும் வியாழக்கிழமை கிளம்பினால் காஸ்தோவுக்கு ஒரு மேட்ச்கூடத் தவறாது. ஏன் இது இத்தனை நாளாகத் தோன்றவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எல்லாச் செவ்வாய்க்கிழமையிலும் அந்தந்த ஊரிலேயே இருப்பு. எந்த ஊரிலும் திருவிழா இல்லை. இருபத்தொரு நாளும் மதியம் இரண்டேகாலுக்கு இலாரியோவின் கால்கள் ஏதாவது ஒரு மேசைக்கு அடியில் இருந்தன. இதற்கெல்லாம் மேலே வயாதோலித். அதுதான் அவளுடைய சாதனை. பொய்யான ஒரு பெயரில் அந்த வட்டாரத் தேவாலயத்துக்கே போன் செய்து விசாரித்திருந்தாள். நாத்தி ஒருநாள் விடாமல் பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போகிறாள், முதல் வரிசை, பன்னிரண்டே முக்காலுக்கு முன்னால் வெளியே வருவதில்லை. பஸ் பன்னிரண்டு பத்துக்கு வந்து சேருகிறது, அடுத்தது பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கிளம்புகிறது.

அந்த வியாழக்கிழமை மேசையில் நாலு பேரும் நாற்பது நிமிடம் அட்டவணையைப் படித்தார்கள். கோஸ்மே கொண்டுவந்து வைத்த உருளைக்கிழங்கு ஆம்லெட் தொடுவாரில்லாமல் ஆறிப்போயிற்று. இலாரியோவின் விரல் முதல் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரை போய், எங்கேயும் நிற்காமல், காகிதத்தின் விளிம்பைத் தாண்டி மேசைமேல் விழுந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றார், துக்கம் விசாரிப்பவர் குரலில்.

"பூசை சீக்கிரம் முடிஞ்சா?" என்றாள் எங்கார்னா.

"புதுப் பாதிரியார். பிரசங்கம் மட்டுமே இருபத்தஞ்சு நிமிஷம். விசாரிச்சுட்டேன்."

எங்கார்னா அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. பிறகு, டிக்கெட்டுக்கு ஒன்றும் அவசரமில்லை, அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ரெமெதியோஸ் இந்தக் குரலை அறிவாள். இருபத்தொன்பது வருட அனுபவம். பட்டியலை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அடுத்த நிமிடமே அதைப் பலகையில் குத்திவிட வேண்டும். மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய், முதல் கட்டமாக வலென்சியாவுக்கு ஐந்து டிக்கெட் எடுத்தாள். மே மாதக் கடைசி வியாழன், காலை எட்டு ஐம்பது ரயில். அடுத்த சந்திப்பில் அவற்றை ஆலிவ் தட்டுக்குப் பக்கத்தில் சீட்டு போடுவதுபோல ஒவ்வொன்றாக வைத்தாள்.

டிக்கெட்டை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் இருக்கை ரயில் போகிற திசைக்கு முதுகைக் காட்டுகிறது என்றார் காஸ்தோ. அவள் தன்னுடையதை அவருக்கு மாற்றிக் கொடுத்தாள். பியெதாத் எழுந்து வந்து அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டு இருபதுக்கு ஸ்டேஷனில் எல்லாரும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

எட்டு ஐந்துக்கே ரெமெதியோஸ் அங்கே இருந்தாள். வானம் கழுவித் துடைத்தாற்போல இருந்தது. ஸ்டேஷன் காபியின் வாசனைகூட அன்றைக்கு வெளியூர் வாசனையாக அடித்தது. அறிவிப்புப் பலகையில் வலென்சியா என்ற எழுத்துகளைப் பார்த்தபோது, அது தன் கையெழுத்து என்பதுபோல அவளுக்கு ஒரு பெருமிதம்.

சொன்னபடி எட்டு இருபதுக்கு நாலு பேரும் வந்தார்கள். எங்கார்னா பச்சை நிறத்தில் நல்ல உடை உடுத்தியிருந்தாள். பியெதாத் கையில் துணியில் கட்டிய ஏதோ ஒரு பொட்டலம். காஸ்தோவிடம் கழுத்துக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. இலாரியோ டை கட்டியிருந்தார்.

யாரிடமும் பெட்டி இல்லை.

"பெட்டியெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

இலாரியோவுக்கு முழங்கால் வலி. பியெதாத்தின் தங்கைக்குக் காய்ச்சல். வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது என்றார் காஸ்தோ. எந்தக் குழாய் என்று கேட்டதற்கு, எல்லாமே என்றார். எங்கார்னா எந்தக் காரணமும் சொல்லாமல் நாலு டிக்கெட்டையும் சேர்த்து அவள் கையில் வைத்தாள். பியெதாத் பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள். காஸ்தோ தலையணையை அதற்கு மேல் வைத்தார். எட்டாம் நாள் பில்பாவோவில் குடை வாங்கினால் ஸ்டேஷன் பக்கத்தில் வாங்க வேண்டாம், இரண்டு தெரு தள்ளி வாங்கு என்றார் இலாரியோ.

ரெமெதியோஸ் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரே காலையில் நாலு பேருக்கும் வர முடியாமல் போவதென்றால், அவள் அனுபவத்தில் அது உலகக் கோப்பை இறுதியாட்டத்தன்று மட்டும்தான் நடந்திருக்கிறது. கண் கலங்கியது. கலங்கியதற்காகவே இன்னும் கோபம் வந்தது.

"பதினாலு அட்டவணை போட்டேன்," என்றாள். "ஒரு பாதிரியார்கிட்டப் பொய் சொன்னேன். உங்க நாலு பேருக்காக."

"நல்ல அட்டவணை பொண்ணே," என்றாள் எங்கார்னா. "இதைவிட நல்லதா யாரும் போட்டதில்ல."

"நான் போகல. தனியா நான் எங்கயும் போகப் போறதில்ல."

நாலு பேரும் ஸ்டேஷனின் கூரையைப் பார்த்தார்கள். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

வலென்சியா ரயில் இரண்டாம் நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. ரெமெதியோஸ் பெட்டியைத் திருப்பினாள். பொட்டலம் சரிந்தது, பிடித்துக்கொண்டாள். இவ்வளவு ஆனபின் டிக்கெட்டுகளையாவது ரத்து செய்துவிட்டுப் போவோம் என்று, நடைமேடைக்கு உள்ளே விடுகிற வாசலில் நின்ற சீருடைப் பெண்ணிடம் போய் ஐந்தையும் நீட்டினாள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள், வரவேண்டியவர்கள் வரவில்லை என்றாள்.

அந்தப் பெண் டிக்கெட்டுகளை விசிறிபோல விரித்துப் பார்த்தாள். பிறகு தலையை நீட்டி, தூரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நாலு பேரையும் பார்த்தாள். நாலு டிக்கெட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஐந்தாவதைக் கருவியில் காட்டி ரெமெதியோஸிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏறுங்கம்மா, நேரமாச்சு," என்றாள். "அந்த நாலு பேருமே வருஷத்துக்கு ஒருத்தரா, இதே வாசல்ல மிச்ச டிக்கெட்டோட நின்னு அழுதுட்டுத் தனியா ஏறிப் போனவங்கதான்."